ரேடியேட்டரை மாற்றும் முன் காற்றின் வழியைச் சரிசெய்யுங்கள்

டர்போ ஏற்றி, டியூன் செய்து, முன்னால் பெரிய இன்டர்கூலரும் (டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விப்பது) மாட்டிய ஸ்போர்ட்ஸ் காரில் கொஞ்சம் அழுத்தி ஓட்டினாலே டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா? கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது, ‘பெரிய ரேடியேட்டர் போடு’ என்பதுதான். பெரும்பாலான வண்டிகளில் அது கடைசியாகச் செய்யவேண்டிய வேலை. பம்பர் வாயில் நுழையும் காற்றில் கணிசமான பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே பக்கவாட்டில் நழுவிவிடுகிறது. கோர் (டியூபும், ஃபின் எனப்படும் மெல்லிய தகடுகளும் சேர்ந்த ரேடியேட்டரின் உடல்) வழியாகப் போகும் மீதிக் காற்றும் இன்ஜின் அறையிலிருந்து வெளியேற வழியின்றி முட்டி நிற்கிறது. இந்த இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு எவ்வளவு தடித்த கோர் வாங்கிப் போட்டாலும் அதன் முழுப் பலன் கிடைக்காது.

எப்போது ஹீட் ஆகிறது என்பதே முதல் தடயம்

நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஏறி, வேகம் எடுத்ததும் இறங்கினால் ஃபேன், ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றிக் கோரை மூடும் கூடு), ஃபேன் வயரிங் ஆகியவற்றைப் பாருங்கள். நிற்கும்போது சரியாக இருந்து, 100, 120 கி.மீ. வேகத்தில் போகப் போக ஏறினால் ஃபேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த வேகத்தில் காற்று தானாக வந்தாக வேண்டும். சுமார் 60, 70 கி.மீ. வேகத்துக்கு மேல் ஃபேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

இரண்டாவது வகையில், கோளாறு காற்றுப் பக்கமா, தண்ணீர்ப் பக்கமா என்று பிரித்தாக வேண்டும். மேல் ஹோஸிலும் கீழ் ஹோஸிலும் ஒவ்வொரு டெம்பரேச்சர் சென்சார் வைத்து, தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்த நிலையில், ஒரே லோடில் இரண்டையும் படியுங்கள். ரேடியேட்டர் 60 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும், வாட்டர் பம்ப் நிமிடத்துக்கு 120 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், பாதிக்குப் பாதி கூலன்ட் கலவைக்கு உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் சுமார் 8 டிகிரி வித்தியாசம் வரும். முள் ஏறிக்கொண்டே போகும்போது இந்த வித்தியாசம் 20 டிகிரியைத் தாண்டினால் கூலன்ட் மெதுவாக ஓடுகிறது என்று பொருள். பம்ப், தெர்மோஸ்டாட், அடைத்த டியூப், உயர் ஆர்பிஎம்மில் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகும் கீழ் ஹோஸ் என்று தேட வேண்டும். வித்தியாசம் 4, 5 டிகிரிதான், ஆனாலும் முள் ஏறுகிறது என்றால், தண்ணீர் நன்றாக ஓடுகிறது, காற்றுதான் வெப்பத்தை வாங்கிக்கொள்ளவில்லை. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த வண்டிகளுக்குத்தான்.

அதற்கு முன் ஹெட் கேஸ்கட்டை (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) சந்தேகப்பட்டுவிடுங்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல நிறக் கெமிக்கல் மஞ்சளாக மாறினால், எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிகிறது. அந்த நிலையில் பம்பர் பக்கம் செய்யும் எந்த வேலையும் வீண். டியூனில் இக்னிஷன் டைமிங் அளவுக்கு மீறிப் பின்தள்ளப்பட்டிருந்தாலும் எக்ஸாஸ்ட் போர்ட்டைச் சுற்றி வெப்பம் கூடி, கூலன்ட் மீது சுமை ஏறும். அதையும் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு காற்று வேண்டும்?

அதே 60 கிலோவாட்டை எடுத்துக்கொள்வோம். 35 டிகிரியில் நுழையும் காற்று 75 டிகிரியில் வெளியேறினால், நொடிக்கு 1.5 கிலோ காற்று தேவை. கன அளவில் சுமார் 1.3 கனமீட்டர். 600 மி.மீ.க்கு 400 மி.மீ. கோர் என்றால் அதன் பரப்பு 0.24 சதுர மீட்டர், அதாவது கோரின் முகத்தில் காற்று நொடிக்கு ஐந்தரை மீட்டர் வேகத்தில் போனால் போதும். வண்டியோ 120 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 33 மீட்டர் போகிறது. ஒரு துளியும் வீணாகாமல் உள்ளே வந்தால் 0.04 சதுர மீட்டர் வாயே இந்தக் காற்றைக் கொடுத்துவிடும். கோர் பரப்பில் ஆறில் ஒரு பங்குதான் அது. டக்ட்டில் (வாயிலிருந்து கோர்வரை காற்றைக் கொண்டுபோகும் அடைத்த வழி) ஏற்படும் இழப்பு, முன்னால் நிற்கும் இன்டர்கூலர், மெதுவாகப் போகும் நேரங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வாய் கோரில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை இருக்கட்டும் என்று சொல்கிறார்கள். தெருவிலும் ஓடும் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாக விடலாம்.

இனி கசிவைக் கணக்குப் போடுங்கள். அதே கோரின் சுற்றளவு 2 மீட்டர். சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி இருந்தால் அதன் பரப்பு 0.02 சதுர மீட்டர். தேவையான வாயின் பரப்பில் சரிபாதி! கோரின் ஃபின்களுக்குள் நுழைந்து போவதைவிட இந்த இடைவெளியில் போவது காற்றுக்கு மிகச் சுலபம். விரல் நுழையும் சந்துதானே என்று விட்டுவிடுவது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும். பம்பரில் இன்னும் இரண்டு ஓட்டை போடுவதைவிட, இருக்கிற வாயிலிருந்து கோர்வரை நான்கு பக்கமும் அடைப்பதே முதல் வேலை.

டக்ட் செய்யும் முறை

பம்பரைக் கழற்றி, கோரை இருந்த இடத்திலேயே விட்டு, கெட்டி அட்டையில் முதலில் மாதிரி வெட்டுங்கள். மேல், கீழ், இரண்டு பக்கம் என நான்கு துண்டுகள். அட்டை பொருந்தியபின் 1.5 மி.மீ. அலுமினிய ஷீட்டிலோ 2 முதல் 3 மி.மீ. ஏபிஎஸ் ஷீட்டிலோ வெட்டிக்கொள்ளலாம். ஓரத்தில் 15 மி.மீ. மடித்து, 75 முதல் 100 மி.மீ.க்கு ஒன்றாக 4.8 மி.மீ. ரிவெட் அடித்தால் துண்டுகள் ஒன்றோடொன்று உறுதியாக நிற்கும். கீழ்த் துண்டை மட்டும் எம்6 ரிவ்நட் (ரிவெட்போல் ஷீட்டில் பதியும் நட்) வைத்து போல்ட்டில் மாட்டுங்கள். உள்ளே விழுந்த கல்லையும் இலையையும் எடுக்க அதைத்தான் அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கும்.

இரண்டு இடங்களில் இறுக்கிப் பூட்டவே கூடாது. ஒன்று, டக்ட்டும் ரேடியேட்டரும் சந்திக்கும் இடம். ரேடியேட்டர் ரப்பர் புஷ் மீது உட்கார்ந்து இன்ஜினோடும் ரோட்டோடும் அசைந்துகொண்டே இருக்கும். ஷீட்டின் ஓரம் டாங்கிலோ டியூபிலோ உரசினால் சில மாதங்களில் அறுத்துவிடும். 5 முதல் 8 மி.மீ. இடைவெளி விட்டு, 10 முதல் 15 மி.மீ. தடிமனுள்ள ஈபிடிஎம் (தண்ணீர் உறிஞ்சாத ரப்பர் வகை) ஃபோம் டேப்பை அதில் அமுக்கி வையுங்கள். பாதியாக அமுங்கினால் சரியான அழுத்தம். தண்ணீரை உறிஞ்சும் சாதாரண ஸ்பாஞ்ச் ஒரு மழையில் ஊறித் தொங்கிவிடும், வாங்காதீர்கள். டப்பாவிலிருந்து பீய்ச்சினால் உப்பிக்கொள்ளும் ஃபோமும் வேண்டாம். அது எரியும், பிறகு கழற்றவும் முடியாது. இன்னொன்று, டக்ட்டும் பம்பரும் சந்திக்கும் இடம். வேகத்தில் பம்பர் தோல் உள்வாங்கி ஆடும். அங்கே ரப்பர் பீடிங் அல்லது ஃபோம் தொட்டுக்கொண்டு நின்றால் போதும்.

வாயின் விளிம்பு கத்திபோல் கூராக இருந்தால் காற்று உள்ளே திரும்பும்போது சுவரைவிட்டுப் பிரிந்துவிடும். சுமார் 10 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள். சுவர்கள் வாயிலிருந்து கோரை நோக்கி மெல்ல விரிய வேண்டும். வெறும் குழாயில் ஒரு பக்கத்துக்கு 7 டிகிரிக்கு மேல் விரித்தால் காற்று பிரியும். பின்னால் கோர் தடுத்து நிற்பதால் இங்கே அதைவிடச் சற்று அதிகமாக விரிக்கலாம். ஆனால் சின்ன வாயும் உடனே அகன்ற பெட்டியுமாகச் செய்தால், மூலைகளில் காற்று சுழன்றுகொண்டிருக்குமே தவிர கோருக்குள் போகாது.

கல் தடுக்கும் மெஷ்ஷைப் பலரும் பம்பர் வாயிலேயே ஒட்டுகிறார்கள். காற்று மிக வேகமாகப் போகும் இடம் அது. மெஷ்ஷால் வரும் அழுத்த இழப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே மெஷ்ஷை உள்ளே தள்ளி, கோருக்கு 20, 25 மி.மீ. முன்னால் வைத்தால் அங்கே காற்று நிதானமாகியிருக்கும், இழப்பும் மிகக் குறைவு. மெல்லிய கம்பியில் 6 முதல் 10 மி.மீ. கண் உள்ளதாக எடுங்கள்.

நம்பர் பிளேட், ஹாரன், ஃபாக் லேம்ப் வயர்கள் ஆகியவை வாயின் நடுவே நின்றால் ஓரத்துக்கு நகர்த்துங்கள். பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்பு பீமை மட்டும் காற்றுக்காக வெட்டாதீர்கள். மோதலில் உங்களைக் காப்பது அது. ஏர்பேக் சென்சார் எப்போது விழிக்க வேண்டும் என்பதும் அதைக் கணக்கில் வைத்தே அமைக்கப்பட்டிருக்கிறது.

வேலை முடிந்ததும் இருட்டில் டக்ட்டுக்குள் ஒரு பிரகாசமான விளக்கை வைத்து, பானட்டைத் திறந்து இன்ஜின் பக்கமிருந்து பாருங்கள். ஃபின்கள் வழியாக மட்டுமே வெளிச்சம் வர வேண்டும். ரேடியேட்டரின் கீழ் மூலைகள், ஹோஸ் வளைந்து போகும் இடம், ஏசி பைப் நுழையும் வெட்டு ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் கோடு கோடாக வெளிச்சம் தெரியும்.

உள்ளே வந்த காற்று எங்கே போகும்?

காற்று கோரைக் கடப்பது முன்னாலும் பின்னாலும் உள்ள அழுத்த வித்தியாசத்தால்தான். முன்னால் அழுத்தத்தை எவ்வளவுதான் கூட்டினாலும், இன்ஜின் அறைக்குள்ளும் அதே அழுத்தம் சேர்ந்துவிட்டால் காற்று நகராது. மாடிஃபைட் வண்டிகளில் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது இந்தப் பின்பக்கம்தான். ஆனால் அதிகம் கவனிக்கப்படாததும் அதுவே.

முதலில் அடித்தட்டு. ஆயில் மாற்றும்போது கழற்றியவர்கள் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவார்கள். அந்தத் தட்டும், அதன் முன்னால் கீழ்நோக்கித் தொங்கும் சின்ன லிப்பும் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. வண்டிக்கு அடியில் வரும் காற்று இன்ஜின் அறைக்குள் ஏறி அழுத்தத்தைக் கூட்டாமல் தடுப்பதும், ரேடியேட்டருக்குப் பின்னால் கீழே தாழ்வழுத்தம் உண்டாக்கி வெப்பக் காற்றை இழுப்பதும் அவற்றின் வேலை. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 இதற்குப் பேர்போன வண்டி. அடித்தட்டு இல்லாவிட்டால் நெடுஞ்சாலை வேகத்திலேயே சூடேறும்.

ஸ்பிளிட்டர் (பம்பருக்குக் கீழே முன்னால் நீளும் தட்டு) போட்டு, கீழே முழுக்கத் தட்டையான தளம் அடித்தவர்களுக்கு நேர்எதிர் சிக்கல். கீழ்வழி முற்றிலும் அடைபட்டுவிடும். அப்போது பானட்டில் வென்ட் (வெப்பக் காற்று வெளியேறும் திறப்பு) வெட்டுவது கட்டாயமாகிறது.

வென்ட்டை எங்கே வெட்டுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பானட்டின் முன்பகுதியில், மூக்கு வளைந்து மேலேறியதும் வரும் இடத்தில் காற்று வேகமெடுத்து அழுத்தம் குறைகிறது. ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வரும் அந்த இடமே வென்ட்டுக்கு உகந்தது. விண்ட்ஷீல்டின் அடிப்பகுதியில் காற்று மோதி நிற்பதால் அழுத்தம் அதிகம். பானட்டின் பின் கீலில் வாஷர் வைத்துத் தூக்கினால் வண்டி நிற்கும்போது ஆவி பறக்க வெப்பம் வெளியேறுவது தெரியும், ஓடும்போதோ அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். நிற்கும்போது கிடைக்கும் அந்தச் சிறு பலனுக்காக ஓடும்போது குளிர்ச்சியை இழக்காதீர்கள்.

வென்ட்டின் முன் விளிம்பில் 10 முதல் 20 மி.மீ. உயரத்துக்குச் செங்குத்தாக ஒரு பட்டை வைத்தால் அதன் பின்னால் தாழ்வழுத்தம் இன்னும் கூடும். கோரின் பின்பக்கத்திலிருந்து வென்ட் வரை ஒரு சாய்தளத் தட்டு வைத்து, வெப்பக் காற்றை நேராக மேலே அனுப்பிவிட்டால் டர்போவும் இன்டேக்கும்கூடக் குளிர்ச்சியாக இருக்கும். ஃபேன் ஷ்ரவுடுக்கு இடம் விட்டு இதை அமைக்க வேண்டும். வென்ட்டுக்கு நேர் கீழே இக்னிஷன் காயிலோ ஃபியூஸ் பாக்ஸோ இருந்தால், மழைநீரை ஓரமாக வடிக்க ஒரு சிறு தட்டும் வையுங்கள். பானட்டின் உட்பக்க எலும்புகளை வெட்டும் முன், லாக்கும் கீலும் இருக்கும் கோட்டைத் தொடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

குறுகிய வாய், விரியும் டக்ட், ரேடியேட்டர், மீண்டும் குறுகும் வெளிவழி என்ற இந்த வடிவம் விமானங்களில் முதிர்ந்தது. 1930களில் பிரிட்டிஷ் பொறியாளர் எஃப்.டபிள்யூ. மெரிடித் இதை விளக்கினார். பி-51 மஸ்டாங் போர்விமானத்தின் வயிற்றில் தொங்கும் டக்ட் அதன் புகழ்பெற்ற உதாரணம்.

அளந்து பார்க்க ஒரு டியூப் போதும்

நுழைவழி, வெளிவழி இரண்டிலும் எது குறை என்று யூகிக்கத் தேவையில்லை. கண்ணாடிபோல் தெளிவான 4 மி.மீ. டியூபை யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, சாயம் கலந்த தண்ணீரைப் பாதிவரை ஊற்றுங்கள். ஒரு முனையைக் கோருக்கு முன்னாலும் மறு முனையைக் கோருக்குப் பின்னாலும் கொண்டுபோங்கள். டியூபின் வாய் காற்றைப் பார்த்து நிற்கக் கூடாது. காற்று அதன் வாயைக் குறுக்கே கடந்து போகும்படி பக்கவாட்டில் வையுங்கள், இல்லையென்றால் எண் பொய்யாகும். பலகையைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பிடித்துப் படிக்க வேண்டும். ஓட்டுபவர் படிக்கக் கூடாது.

100 கி.மீ. வேகத்தில் காற்று முழுதாக மோதி நின்றால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 47 மி.மீ. தண்ணீர் உயரம். 120இல் அது 68 மி.மீ. ஆகும். அதுதான் உச்சவரம்பு. அடுத்து, கோரில் இருக்கும் ஒரு முனையை எடுத்து, டிக்கிக்குள் போன்ற காற்றடிக்காத இடத்தில் வைத்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாக அளவிடுங்கள். 100 கி.மீ.யில் முன்னால் 15 மி.மீ.தான் வருகிறது என்றால் டக்ட் கசிகிறது அல்லது வாய் போதவில்லை. முன்னால் 38, பின்னால் 25 என்றால் வாயைத் தொடாதீர்கள், வெளிவழியைத் திறங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே ரோட்டில், அதே வேகத்தில், ஃபேனை அணைத்து மறுபடி அளவிடுங்கள். வென்ட்டுக்கான இடத்தைத் தேர்ந்தெடுக்கவும் இதே முறைதான். டியூப் முனையை பானட் மேல் பல இடங்களில் டேப் போட்டு ஒட்டி, எங்கே அழுத்தம் அதிகம் இறங்குகிறதோ அங்கே வெட்டலாம்.

அடுக்கில் யார் முன்னால்?

இன்டர்கூலர், ஏசி கன்டென்சர் (ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கோர்), ரேடியேட்டர் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் கடைசியில் நிற்பதற்குச் சூடான காற்றுதான் கிடைக்கும். டர்போவிலிருந்து நொடிக்கு 200 கிராம் காற்று வந்து, இன்டர்கூலரில் 80 டிகிரி குறைந்தால் அது 16 கிலோவாட். நாம் கணக்கிட்ட 1.5 கிலோ குளிர்காற்று இதை வாங்கிக்கொண்டால் 10, 11 டிகிரி சூடேறிவிடும். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்தபின் ரேடியேட்டருக்கு வரும் காற்று 10 டிகிரி கூடினால் கூலன்டும் ஏறக்குறைய அதே அளவு கூடும். முடிந்தால் இன்டர்கூலர் ரேடியேட்டரின் முழு முகத்தையும் மறைக்காத உயரத்தில் இருக்கட்டும். அடுக்காக வைத்தே ஆக வேண்டும் என்றால் இடைவெளிகளின் ஓரங்களை ஃபோமால் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் கோரைக் கடந்த காற்று பக்கவாட்டில் ஓடிப்போகும். மாஸ்டா ஆர்எக்ஸ்-7 வண்டிகளில் பிரபலமான வி-மவுன்ட் அமைப்பில் ஒரே வாயிலிருந்து மேல்பாதிக் காற்று ஒரு கோருக்கும் கீழ்பாதி மற்றதற்கும் போகிறது. மிக நல்ல தீர்வு, ஆனால் பைப்பிங் முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டும், வெளிவழி இரண்டுக்கும் வேண்டும்.

அடுக்கு நெருக்கமாக இருந்தால் அடர்த்தியான ஃபின்னும் 56 மி.மீ. தடிமனும் கொண்ட ரேடியேட்டர் உதவாது. காற்று முதல் 30 மி.மீ.க்குள்ளேயே பெரும்பகுதி வெப்பத்தை வாங்கிவிடுகிறது, மீதித் தடிமன் சேர்ப்பது பெரும்பாலும் தடையைத்தான். நடுத்தர ஃபின் அடர்த்தியில் 40 மி.மீ. அளவுள்ள கோரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஆயில் கூலரைத் தனி டக்ட்டில், முடிந்தால் முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்து, வெளிவழியைச் சக்கர வளைவுக்குள் விடுங்கள். 80, 85 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ள சாண்ட்விச் பிளேட் (ஆயில் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே வைத்து ஆயிலைக் கூலருக்கு அனுப்புவது) அவசியம். ஆயில் 100 முதல் 120 டிகிரிக்குள் இருக்கட்டும்.

ஃபேன்

600க்கு 400 கோரில் 300 மி.மீ. விட்டமுள்ள இரண்டு ஃபேன்களை ஷ்ரவுட் இல்லாமல் மாட்டினால் அவை மூடுவது கோரின் 60 சதவீதத்துக்கும் குறைவு. கோர் முழுவதையும் மூடும் ஷ்ரவுட் வேண்டும், ஃபேனுக்கும் கோருக்கும் நடுவே 40, 50 மி.மீ. ஆழமும் வேண்டும். வேகத்தில் ஷ்ரவுடே காற்றை மறிக்கும் என்பதால் அதன் தட்டையான பகுதிகளில் ஓட்டை போட்டு, மேல் விளிம்பில் மட்டும் ரிவெட் அடித்த ரப்பர் மடல்களைத் தொங்கவிடுங்கள். ஃபேன் இழுக்கும்போது மடல் ஒட்டிக்கொள்ளும், வேகக் காற்று வந்ததும் திறந்துகொள்ளும். கோருக்குள் பிளாஸ்டிக் டை செருகி ஃபேனைக் கட்டுவது டியூபை உரசி ஓட்டையாக்கும் வேலை.

ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி 40 ஆம்ப் ரிலே, தனி ஃபியூஸ், 4 முதல் 6 சதுர மி.மீ. வயர். ஃபேன் ஓடும்போது அதன் பிளக்கிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரோ எர்த்தோ சரியில்லை. 82 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்கு ஃபேனை 95இல் போட்டு 90இல் நிறுத்தலாம். தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பத்துக்குக் கீழே ஃபேனை அமைத்தால் அது நிற்கவே நிற்காது. புதிதாக வயரிங் செய்தபின் கிரில்லில் ஒரு காகிதத்தை வையுங்கள். உள்ளே ஒட்டிக்கொள்ளாவிட்டால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது.

தண்ணீர்ப் பக்கம், சுருக்கமாக

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள். பல இன்ஜின்களில் அது முழுதாகத் திறக்கும்போது பைபாஸ் எனப்படும் குறுக்கு வழியையும் மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குத் திரும்பும். குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட்டும் ஓவர்ஹீட்டைத் தீர்க்காது, சூடேறத் தொடங்கும் புள்ளியை மட்டும் கீழே இறக்கும்.

தண்ணீரின் வெப்பக் கொள்ளளவு கிலோவுக்கு ஒரு டிகிரிக்கு 4.18 கிலோஜூல், கூலன்டில் இருக்கும் கிளைக்கால் (glycol, உறையாமல் காக்கும் திரவம்) பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய 3.5. உறைபனி இல்லாத இடத்தில் கிளைக்காலைக் குறைத்து, டிஸ்டில்ட் வாட்டரோடு துரு தடுப்பான் சேர்த்தால் வெப்பம் கடத்துவது கூடும். சில ரேஸ் டிராக்குகளில் கிளைக்கால் சிந்தினால் வழுக்கும் என்று தடையே உண்டு. 1.1 பார் மூடி, வெறும் தண்ணீரின் கொதிநிலையையும் 120 டிகிரியைத் தாண்டி உயர்த்தும். எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி ஆவிக் குமிழ் உண்டாகாமல் காப்பது அந்த அழுத்தம்தான், எனவே மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கூலன்ட் ஊற்றும்போது வண்டியின் மூக்கைத் தூக்கி, ஹீட்டரைத் திறந்து, காற்று முழுவதும் வெளியேறும்வரை விடுங்கள்.

எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறையில் இன்னொரு விஷயம். அதன் இன்ஜின் குறுக்குவாட்டில் உட்காரும் குடும்பத்திலிருந்து வந்தது. அதை நீளவாட்டில் திருப்பியபோது கூலன்ட் வெளியேறும் வழி ஹெட்டின் முன்னால் வந்தது, பம்ப் இருக்கும் அதே பக்கம். அதனால் பின் சிலிண்டர்களுக்கு ஓட்டம் குறைவு. பவர் கூட்டுபவர்கள் அந்த வழியைப் பின்பக்கம் மாற்றும் கிட் போடுவது அதற்காகத்தான். டெம்பரேச்சர் முள் சாதாரணமாகக் காட்டினாலும் நான்காவது சிலிண்டர் சூடாக இருக்கலாம் என்பதை அந்த வண்டிக்காரர்கள் மறக்கக் கூடாது.

எல்லாம் முடித்தபின் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை பம்பரைக் கழற்றி, ஃபோம் எங்கே பெயர்ந்திருக்கிறது, ஷீட் எங்கே உரசிப் பளபளக்கிறது என்று பாருங்கள். வருடம் ஒருமுறை கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பார்ப்பதும் அவசியம். அங்கே இலையும் பூச்சியும் சேர்ந்து மெத்தை போலாகிவிடும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபேனைக் கழற்றி, இன்ஜின் பக்கமிருந்து முன்னோக்கிக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் ஃபின்களை மடக்கிவிடும். ஏற்கனவே மடங்கிய ஃபின்களை ஃபின் சீப்பால் ஒவ்வொரு வரிசையாக நிமிர்த்திக்கொள்ளலாம்.